தவளை: இல்லை

சென்ற மாதம் அலுவலகத்திலிருந்து நித்யா போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. அவள் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். என்னைப் பார்த்ததே இல்லை. காகிதப் படிவங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற வேலை அவளுக்கு.

“சார், ஏற்றுமதிப் பெட்டி சோதனைப் படிவம் இருக்குல்ல? அதுல ஆறாவது கட்டத்துல எழுத்தே இல்ல சார். ஒரு படம் இருக்கு. ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கிப்போச்சு. வடை மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணு வெச்ச வடை.”

“அது வடை இல்லம்மா.”

“இங்க யாருக்கும் தெரியல. உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. எடுத்துட்டு ‘ஆம்பிபியன்’னு ஒரு வார்த்தை போட்டுடட்டுமா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த நாளை வரவில்லை. போனை வைத்ததிலிருந்து கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாத்தூரில் எங்கள் தெரு சின்னது. கோடி வரை போய்த் திரும்ப ஒரு பீடி நேரம் போதும். பீடியை விட்டு வருடங்கள் ஆகின்றன. இருந்தும் போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். மழை வரும்போலிருக்கிறது, வரவில்லை. மணலிப் பக்கத்துக் காற்று வழக்கம்போல மூக்கைச் சுடுகிறது. என் மனைவி, “இன்னா, உள்ள எதுனா ஊறுதா?” என்று கேட்டாள். ஊறத்தான் செய்கிறது.

என் தொழிலை ஒரே சொல்லில் சொன்னால் கொலை. கப்பலேறும் சரக்கோடு உயிருள்ள எதுவும் போகக் கூடாது. வண்டு, கரையான், எறும்பு, நத்தை, சிலந்தி, சிலந்தியின் முட்டை. போகாமல் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் உண்டு. அப்பா காலையில் அதன் முன்னால் விளக்கேற்றும் நேரமும் நான் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. “இன்னா நைனா, இன்னிக்கி எத்தினி லட்சம்?” என்பார். கிண்டலா வருத்தமா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

கற்றுக்கொண்ட வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சரக்கைத் தார்ப்பாயால் மூட வேண்டும். விளிம்பைச் சுற்றி மணல் பாம்பு வைக்க வேண்டும். நீளமான துணிப்பையில் மணல் திணித்தது, தார்ப்பாயைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். பிறகு உள்ளே வாயுவை விட வேண்டும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கையில் ஒரு விளக்கு. சுடர் பச்சையாக மாறினால் எங்கோ கசிகிறது. நீலமாக மாறினால் விளக்கைப் போட்டுவிட்டு ஓடு. ஒரு பகல் ஓர் இரவு கழித்துத் திறந்து, ஆறவிட்டு, கையெழுத்துப் போட வேண்டும். இதுதான். என் வயதையெல்லாம் ஒரு சுடரின் நிறத்தைப் பார்த்தே கழித்தேன்.

மீதியைக் கற்றுக்கொடுத்தவர் டொமினிக் சார். எங்கள் மேலதிகாரி. ராயபுரத்துக்காரர், மாதா கோயில் மணியோசை விழும் சந்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே கிழவரானார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. எழுதாத பேனாவை எதற்கு வைத்திருந்தார் என்றால், கடன் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க. குரலை உயர்த்தவே மாட்டார். லோடு மேனிடமும் கப்பல் கம்பெனி அதிகாரியிடமும் ஒரே குரல்.

சேர்ந்த முதல் வாரம். ஒரு காலிக் கண்டெய்னரைப் பற்றி, “சுத்தமா கீது சார்” என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“கண்ணா, காதா?”

கண்ணா என்று கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். காதா யார் என்றுதான் விளங்கவில்லை. எனக்குப் பின்னால் காதர் யாராவது நிற்கிறாரோ என்று திரும்பியும் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“கண்ணால பார்த்ததைச் சொல்றியா, காதால கேட்டதைச் சொல்றியா?”

“கேட்டது சார். உள்ள போய்ட்டு வந்தவரு சொன்னாரு.”

“அப்ப நீயும் போய்ட்டு வா.”

போனேன். அவரும் கூடவே ஏறினார். வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னார். வெயிலில் காய்ந்த இரும்புக்குள் நாற்பதடி இருட்டு. எதற்கு உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று தெரியவில்லை. அவர் மூச்சுவிடுவதே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நட்சத்திரம் எதுவும் தெரியுதா?” என்றார். தெரிந்தது. கூரையின் மூலையில் ஊசிமுனை அளவு வெளிச்சம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, துருப்பிடித்து விரிந்தது. “அந்த வழியா மழை வரும். மழை கூட மீதி எல்லாரும் வருவாங்க. இந்தப் பெட்டி வேணாம்னு எழுது.”

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். எங்களுக்குள் அவர் பெயரே ‘கண்ணா காதா’ ஆகிவிட்டது. “கண்ணா காதா வந்துகினு கீறாரு, பீடிய அணை.”

மாத்தூரில், மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகும் வழியில், ஒரு கல் யார்டு இருந்தது. பாளம் பாளமாகக் கருங்கல் வரும். அறுத்து, கண்ணாடிபோல மெருகேற்றி, மரப்பெட்டியில் நிறுத்தி அடுக்கி அனுப்புவார்கள். எல்லாம் கல்லறைக் கல். நியூசிலாந்துக்குப் போகும். உலகத்தின் கடைசியில் இருக்கும் அந்தத் தீவு நாட்டில் யாரோ இறந்தால், நம் பக்கத்து மலை ஒரு துண்டு அவர் தலைமாட்டில் நிற்கும். பெயர் பொறிக்காமல்தான் போகும். பெயரை அங்கே வெட்டிக்கொள்வார்கள். நாற்பது பேருக்கு அந்த யார்டில் பிழைப்பு. பெட்டிகளைக் கூட்டித் துடைத்து, இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பது பெண்கள். அவர்களுக்குத் தலைவி லூர்தக்கா. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். குரலில் ஒரு மாமூல் அதட்டல். மருமகள் ஜெனியையும் அதே வேலைக்குக் கூட்டி வந்திருந்தார்.

அங்கேதான் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. கல் வாங்குகிறவர்கள் அனுப்பியது. போன பெட்டி ஒன்றில் உயிரோடு ஓர் ஆம்பிபியன், அதாவது தவளை இனத்துப் பிராணி, இருந்ததாம். துறைமுகத்திலேயே பிடித்துவிட்டார்களாம். இன்னொரு முறை நடந்தால் இந்த யார்டுப் பெட்டியே அந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். கூடவே ஒரு வண்ணப் படமும் இரண்டு பக்கக் குறிப்பும் இருந்தன. டொமினிக் சார் அவற்றை ஒரு கல்பலகைமேல் விரித்து, வேலை முடிந்த எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துத் தமிழில் சொன்னார்.

படத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தவளை. பாசி நிறம். உருண்டைக் கண். அந்தத் தீவுக்கே சொந்தமான தவளை. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது கத்தாது. வெளியே தெரிகிற காது கிடையாது. தலைப்பிரட்டையாக நீரில் நீந்துவதும் இல்லை. முட்டையிலிருந்து வால் வைத்த குட்டியாகவே வரும், அப்பன் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். பகலெல்லாம் கல்லுக்கடியில் கிடக்கும். முப்பது வருடம்கூட உயிரோடு இருக்குமாம். மனிதன் அந்த நாட்டுக்கு வந்தபோது கூடவே எலி வந்தது, வேறு என்னென்னவோ வந்தன. இவை தின்னப்பட்டு, மிச்சம் கொஞ்சம், ஆளில்லாத குட்டித் தீவுகளில். ஒரு தீவில் ஒரு கல்குவியல்தான் அவற்றின் மொத்த ஊர். அந்தக் குவியலைச் சுற்றி வேலி போட்டுக் காக்கிறார்கள். சிலவற்றை எடுத்துக்கொண்டுபோய் வேறு தீவில் குடிவைத்துப் பார்க்கிறார்கள்.

“நம்ம ஊரு ஐட்டம் அங்க போனா குளிர்ல செத்துடும், சார்” என்றேன்.

“சாகலாம். சாகறதுக்கு முன்னாடி அதோட தோல்ல இருக்கிற நோயை விட்டுட்டுப் போகலாம். தவளைத் தோலைத் தின்கிற ஒரு பூஞ்சை உலகமெல்லாம் பரவிட்டு இருக்காம். இதுங்க அதைத் தாங்காதுன்னு பயப்படறாங்க.” படத்தை விரலால் தட்டினார். “இதை எண்ணிக் கணக்கு வைக்கிறவனுக்குக் காது உதவாது. ஒரு சத்தம் போடாதே இது! குனிஞ்சு, ஒவ்வொரு கல்லாப் பார்க்கணும். அவ்வளவு பாடுபட்டு வெச்சிருக்கான். நாம இங்கேர்ந்து கல்லுக்குள்ள வெச்சு அனுப்பறோம்.”

லூர்தக்கா படத்தை உற்றுப் பார்த்து, “காதும் இல்ல, வாயும் இல்ல. இதோட பொண்டாட்டி குடுத்து வெச்சவ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கே படிவத்தில் ஆறாவது கட்டம் சேர்ந்தது. நீர்நிலவாழ்வன என்று எழுதலாமா என்று கேட்டேன். “எவனுக்குப் புரியும்? தவளைன்னு போடு” என்றார் சார். ஸ்டென்சிலில் என் கையாலேயே எழுதினேன். தவளை: உண்டு / இல்லை.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். யார்டில் இருந்தது தவளை இல்லை, தேரை. குட்டையில் வழவழவென்று துள்ளுவது ஒன்று. கல் இடுக்கில் சொரசொரவென்று, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மண்ணாங்கட்டிபோல உட்கார்ந்திருப்பது இன்னொன்று. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைப் பிள்ளைத்தாய்ச்சி காதில் விழச் சொல்ல மாட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லாத தேங்காயைத் தேரை மோந்தது என்பார்கள். அதேபோலப் பிள்ளையும் வற்றிப்போகும் என்று பயம். லூர்தக்காவின் மூத்த குழந்தை அப்படித்தான் எலும்பும் தோலுமாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஏதோ பெயர் சொன்னார்கள். தெருவில் இந்தப் பெயரைச் சொன்னார்கள். அப்போது ஜெனிக்கு ஆறு மாதம். யார்டில் அந்தச் சொல்லே ஒழிந்துபோயிருந்தது. தேவைப்பட்டால் ‘குந்திகினு கீறவரு’ என்பார்கள். எனக்கு இது தெரியாதா? தெரியும். வியாசர்பாடியில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. திங்கட்கிழமை பன்னிரண்டு பெட்டிக்கு வாயு போட்டோம். செவ்வாய்க்கிழமை திறந்தோம். டிரெய்லர் வரவில்லை; மணலி சாலை முழுக்க முழங்கால் தண்ணீர். பெட்டிகள் தரையில், மழையில், இரண்டு நாள் கிடந்தன. வாயு போட்ட பிறகு ஓர் இரவு வெளியில் கிடந்தாலே, ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை டிரெய்லர் வந்தது. ஓட்டுநர் பாஷா இறங்காமலே ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

“தோஸ்து, க்யூ ரெண்டு நாளா நவுரல. இப்ப போனாத்தான் நாளான்னிக்கி கப்பலப் புடிக்க முடியும். ஏத்து ஏத்து.”

லூர்தக்கா டார்ச்சும் கையுமாகப் பெட்டி வரிசையிலிருந்து வந்தார். முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெனி. என் சட்டைக்குள் மழை ஓடிக்கொண்டிருந்தது.

“எல்லாம் பாத்தியாக்கா?”

“பாத்தேன்பா.”

“எறும்பு, நத்தை?”

“இல்ல.”

“தவளை?”

ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஜெனியைப் பார்த்தார். “தவளை இல்ல கௌதமு.”

தவளை: இல்லை. கையெழுத்து. பெட்டிகள் கண்டெய்னரில் ஏறின, கதவு மூடியது, சீல் விழுந்தது, டிரெய்லர் தண்ணீரை அலையடித்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் மழை விட்டது. மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ஜெனி அன்று பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். அதனால்தான் பேச்சு அந்தப் பக்கம் போயிற்று; அவள் இருந்திருந்தால் போயிருக்காது. லூர்தக்கா வஞ்சிரக் கருவாட்டைக் கிள்ளிக்கொண்டே தானாகச் சிரித்தார்.

“இன்னாக்கா?”

“ஒண்ணும் இல்லபா. அந்த மூணாவது பொட்டில குந்திகினு கீறவரு. ஷோக்கா சீமைக்குப் போறாரே, கப்பல்லன்னு நெனச்சேன்.”

எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

“நா கேட்டப்போ இல்லனு சொன்ன?”

“நீ இன்னா கேட்ட? தவளைனு கேட்ட. மாதா சத்தியமா ஒரு தவளை இல்ல. பொய்யா சொன்னேன்?”

“அக்கா…”

“ஜெனி பக்கத்துல நிக்கறா. அந்தப் பேர என்னிய சொல்லச் சொல்றியா? ஒண்ண மண்ணுல வெச்சவ நானு. உனுக்குத் தெரியும்ல? நீ ஏன்பா வந்து பாக்கல?”

கையைக் கழுவாமலே எழுந்தேன். 

சைக்கிளை எடுத்தேன். டொமினிக் சாருக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு மிதித்தேன். சாத்தங்காடு தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்தால், கண்ணுக்கு எட்டியவரை கண்டெய்னர் வண்டி. ஒன்றன்பின் ஒன்றாக, முன்னாலிருப்பதன் வாலில் மூக்கை வைத்தபடி, துறைமுக வாசல் வரைக்கும். சிவப்பு, நீலம், துரு, மறுபடி சிவப்பு. ஒரு பக்கம் கடல் கற்களில் மோதி உப்பை எறிகிறது. நடுவில் நான், ஒவ்வொரு பெட்டியின் எண்ணாகப் படித்துக்கொண்டு. ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் சீட்டாடினார்கள், துணி காயவைத்தார்கள். “இன்னா மாமு, பொண்ணு தொலஞ்சிட்டாளா?” என்று ஒருவர். “தேரை” என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எண்களைப் படித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் எல்லா எண்ணும் ஒன்றுபோலத் தெரிந்தது. இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

திருவொற்றியூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிடைத்தது. பாஷா அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஒரு தே… அதுக்காகவா? என்னிய க்யூலேர்ந்து கழட்டச் சொல்ற? நேத்துலேர்ந்து இங்க ஊறிகினு கீறேன். திரும்ப வால்ல வந்து நிக்கணும். பேஜார் பண்ணாத, போய்டு.”

“கையெழுத்து என்னுது பாய்.”

“அதான் போட்டுட்டியே! போட்ட கையெழுத்தக் கப்பல்ல ஏத்திட்டு தூங்குவியா…”

அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. லூர்தக்கா சொல்லப் போவதில்லை. இதை நான் அந்தச் சாலையில் நின்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

டொமினிக் சார் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கைக்குட்டையால் செருப்பைத் துடைத்தார். பாஷாவிடம் டீ வாங்கிக் குடித்தார். பிறகு அதே குரலில், “வண்டியைத் திருப்புங்க பாய். உங்க இடம் போனதுக்குக் காரணம் நாங்கன்னு துறைமுகத்துக்கு நானே எழுதித் தர்றேன்” என்றார். பாஷா வாய்க்குள் எங்கள் பரம்பரையைத் திட்டிக்கொண்டே வண்டியை ஒடித்தார்.   

யார்டில் சீலை டொமினிக் சாரே வெட்டினார். ஃபோர்க்லிஃப்ட் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கியது. ஜெனியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு லூர்தக்கா வந்து நின்றிருந்தார். மூன்றாவது பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினோம். இரண்டு கல்லுக்கு நடுவே டார்ச் அடித்தேன். இருந்தது. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் பொன் நிறத்தில் ஒரு கோடு.

“நாலு சார்” என்றேன்.

“தொட்டுப் பார்.”

கையை விட்டேன். இரண்டுதான். மற்ற இரண்டும் மெருகேறிய கல்லில் தெரிந்த அவற்றின் பிம்பங்கள். ஈரமாக, குளிர்ச்சியாக, கனமாக இருந்தது கையில். “கண்ணும் ஏமாத்தும்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சது எனக்கு” என்றார் சார். பன்னிரண்டு பெட்டியையும் பிரித்தோம். ஒன்பதாவதில் இன்னொன்று. மொத்தம் மூன்று. வாளியில் ஈரச் சாக்கைப் போட்டு வைத்தேன். கொல்வது என் தொழில். அன்று யாரும் கொல்லச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டோம்.

பிறகு சார் ஒரு கருங்கல் பலகைமேல் தாளை வைத்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். எழுதுகிற பேனாவைத்தான் எடுத்தார். தவளை என்று தமிழ்ப்படுத்தியது தன் தவறு என்று முதலில் எழுதினார். பிறகு என் பெயரை எழுதினார்: ‘பார்க்காமல், கேட்டதை வைத்துக் கையெழுத்திட்டார்.’ அங்கே பேனாவை நிறுத்தினார்.

“இதுக்கு முன்னாடி எத்தனை தடவை காது?”

கல்லில் என் முகம் தெரிந்தது. பின்னால் வானம். போன வருட மழை, அதற்கு முந்தின வருட மழை. டிரெய்லர்களின் ஹாரன். “பாத்தியாக்கா?” “பாத்தேன்பா.” எத்தனை முறை? விரல்விட்டு எண்ண முடியாது. உண்மையைச் சொன்னால் போன பெட்டிகளைப் பற்றியெல்லாம் எழுதுவார். அந்த நாட்டுக்காரர்கள் கல்லறைகளையெல்லாம் போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். யார்டு மூடும். நாற்பது பேர். இதையெல்லாம் நினைத்துத்தான் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், பயந்து சொன்னேன்.

“இதுதான் முதல் தடவை சார்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணா காதா என்று கேட்கவில்லை. எழுதினார்.

ஆறு மாதம் எனக்குக் கையெழுத்து உரிமை போயிற்று. மணல் பாம்பு தூக்கினேன். அந்த நாட்டிலிருந்து பதில் வந்தது: தாங்களே கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி, பெட்டிகள் தொடரலாம். யார்டு பிழைத்தது. படிவத்தைத் திருத்த வேண்டும் என்றார் சார். பெயரை எழுதினால் யாரும் சொல்ல மாட்டார்கள், சத்தமாகப் படித்துக் கேட்கவும் மாட்டார்கள். படம் போடலாம் என்றார். யாருக்கு வரையத் தெரியும்? லூர்தக்கா பேனாவைப் பிடுங்கினார். “பேர சொல்லக் கூடாதுனுதான் சொல்லிகீறாங்க. வரையக் கூடாதுனு எவன் சொன்னான்?” நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். ஜெனி எட்டிப் பார்த்து, “இன்னாத்தே, மசால்வடையா?” என்றாள். அவளுக்குப் பெண் பிறந்தது. கொழுகொழுவென்று. தூக்கினால் கை வலிக்கும்.

ஆனால் நான் அதற்குப் பிறகு ஒரு பெட்டியையும் அடுத்தவர் கண்ணால் பார்க்கவில்லை. மழையில் முட்டிபோட்டு, ஒவ்வொரு இடுக்கிலும் கைவிட்டுப் பார்த்தேன். எல்லோரும் கிண்டலடித்தார்கள். சார் ஓய்வுபெற்ற அன்று, சொல்லிவிடலாம் என்று ராயபுரம் வரை பஸ்ஸில் கூடவே போனேன். வாசலில் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் மாதா கோயிலில் அவருக்குத் துக்க மணி அடித்தார்கள்.

நேற்று சாயங்காலம் நித்யா மறுபடி கூப்பிட்டாள்.

“சார், அந்தப் படம்?”

“படம் இருக்கட்டும்மா.”

“அப்ப நெட்லேர்ந்து அழகா ஒரு தவளை எடுத்துப் போட்டுடறேன்.”

“வேணாம். அந்தப் படத்தையே போடு. அது தவளை இல்ல. பக்கத்துல ரெண்டு கட்டம் சேத்துக்க. ஒண்ணு கண், இன்னொண்ணு காது. பார்த்து எழுதறாங்களா, கேட்டு எழுதறாங்களான்னு டிக் பண்ணட்டும்.”

சிரித்தாள். “காதுன்னு யாரு சார் டிக் பண்ணுவாங்க?”

“நான் பண்றேன். பழைய ஃபைல்ல, இந்தப் படம் வர்றதுக்கு முன்னாடி, கல் யார்டுப் படிவம் இருக்கும். ரெண்டு மழைக்காலத்துது. எல்லாத்துலயும் என் கையெழுத்து. அதுக்கெல்லாம் காதுன்னு போட்டுக்க.”

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. “சார்… அந்த ஃபைல் எல்லாத்தையும் போன வருஷமே எடைக்குப் போட்டாச்சே.”

சன்னலுக்கு வெளியே, ஒரு மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்த மழை பிடித்தது. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எதிரே இருக்கும் காலிமனையில் ஒன்று ஆரம்பித்தது, ஸ்டார்ட் ஆகாத மோட்டார்போல நீளமாக. பிறகு இன்னொன்று. பிறகு மனை முழுக்க. எங்கோ ஒரு தீவில், கல்லுக்கடியில், காதும் குரலும் இல்லாமல் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் உயிருக்கு இந்தச் சத்தம் கேட்காது. அந்தக் கல்லறைகளுக்குப் பூ வைக்க வருகிறவர்களுக்குக் கேட்கும். ஒரு மழைநாளில் அவர்கள் நின்று, இது என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தால், அது என் கையெழுத்து.

“சார், லைன்ல இருக்கீங்களா? ஏதோ இரைச்சல் வருது. என்ன சார் அது?”

“தேரை” என்றேன்.